டைகருக்குச் சான்றிதழ் எடுத்தால் முறைப்பாடு நிற்குமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) கடைசி வீட்டில் பெற்றோரோடும் ஒன்பது வயது மகனோடும் இருக்கிறார். அவர்களது நாய் டைகர். ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு, ஆண், இரண்டரை வயது, ஏறக்குறைய 24 கிலோ. குட்டியிலிருந்தே பகலில் வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் சங்கிலியில் கட்டுவார்கள், இரவில் அவிழ்த்து விடுவார்கள். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களையும் பின்னேரம் மடுவத்திலிருந்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகையிலிருந்து) திரும்புகிறவர்களையும் கண்டால் தொண்டை கட்டும்வரை குரைக்கும். மூன்று வாரத்துக்கு முன் சங்கிலியின் கொளுக்கி கழன்று, பக்கத்து லயத்துப் பையனைத் துரத்திக் காற்சட்டையைக் கிழித்துவிட்டது. அயலவர்கள் தோட்ட அலுவலகத்தில் முறைப்பாடு செய்ய, ஒரு மாதத்துக்குள் நாயை அப்புறப்படுத்தும்படி வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள்.

டொரொண்டோவிலிருக்கும் தம்பி, “இங்கே நாய்க்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் யாரும் வாய் திறக்க முடியாது” என்று சொல்லி, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். நகரத்துப் பயிற்றுநர் ஒருவரோ, 45 நாள் தன்னிடம் விட்டால் சான்றிதழோடு திருப்பித் தருவதாகச் சொல்லிப் பெருந்தொகை கேட்கிறார். கலப்பு நாய்க்குச் சான்றிதழ் கிடைக்குமா? கிடைத்தால் முறைப்பாடு நிற்குமா? பயிற்றுநரிடம் விடலாமா? கருத்தடை செய்தால் குணம் மாறுமா, இல்லை மந்தமாகிவிடுமா? இவைதான் கேள்விகள்.

டீச்சர், நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. “ஊசி எல்லாம் போட்டாச்சு, இரண்டு வருஷத்துக்கு முன் முகாமில்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி இங்கே ஆண்டுதோறும் போட வேண்டியது. டைகரின் ஊசி காலாவதியாகிவிட்டது. இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இலவச முகாம் எப்போதென்று கேளுங்கள். தள்ளிப்போகும் போலிருந்தால் அரச கால்நடை வைத்திய அலுவலகத்திலோ தனியாரிடமோ போடுங்கள். திகதியும் கையெழுத்தும் உள்ள அட்டை கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பையனின் வீட்டுக்குப் போய், காற்சட்டை கிழிந்ததோடு தோலிலும் கீறல் விழுந்ததா என்று நேரில் கேளுங்கள். சம்பவம் நடந்து மூன்று வாரமாகியும் டைகர் சாப்பிட்டு நடமாடிக்கொண்டிருப்பதால், அன்று அதன் எச்சிலில் கிருமி இருந்திருக்க வாய்ப்பில்லை. அது பெரிய ஆறுதல். இருந்தாலும் கீறல் இருந்தால் பிள்ளையை ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லுங்கள். இனி எந்த நாய் கடித்தாலும் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். நீங்கள் அந்த வீட்டு வாசலை மிதிப்பது மருத்துவக் காரணத்துக்காக மட்டுமல்ல என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது

தம்பி சொல்வது பெரும்பாலும் நாய்களுக்கான சங்கமான கனடியக் கெனல் கிளப்பின் ‘கேனைன் குட் நெய்பர்’ பரீட்சையாக இருக்கும். ‘நல்ல அயல்வீட்டு நாய்’ என்று அர்த்தம். லயத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அதில் 12 பகுதிகள். அமெரிக்கக் கெனல் கிளப் 1989 இல் தொடங்கிய ‘கேனைன் குட் சிட்டிசன்’ பரீட்சையில் 10 பகுதிகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பாடம். கதவையோ கேற்றையோ முந்தியடிக்காமல் கடப்பதும், உரிமையாளர் தட்டிக்கொடுத்து விளையாடிய பின் உடனே அடங்குவதும் கனடியர்கள் சேர்த்தவை. பிரித்தானியாவிலும் 1992 இலிருந்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று படிப்படியாக ஒரு திட்டம் இருக்கிறது. கனடியப் பரீட்சைக்கும் அமெரிக்கப் பரீட்சைக்கும் சாதி நாய்தான் வேண்டுமென்றில்லை. கலப்பு நாயும் ஊர் நாயும் தோற்றலாம். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

அமெரிக்கப் பரீட்சையை எடுத்துப் பார்ப்போம். அறிமுகமில்லாதவர் வந்து உங்களோடு கைகுலுக்கிப் பேசும்போது நாய் குறுக்கே பாயக்கூடாது. அவர் தடவும்போது கூச்சமோ முறைப்போ இல்லாமல் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். பரீட்சகர் மெதுவாக வாரிவிட்டு, காதைப் பார்த்து, முன்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்குவார். வார் தளர்ந்திருக்க இடம், வலம், முழுத் திருப்பம் என நடந்து, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். குறைந்தது மூன்று பேருக்கு நடுவே நடக்க வேண்டும். இருக்கவும் படுக்கவும் தெரிய வேண்டும். 20 அடி வாரின் நுனிவரை நீங்கள் போய்த் திரும்பும்வரை இடம் மாறக்கூடாது. 10 அடியிலிருந்து கூப்பிட்டால் வர வேண்டும். எதிரே இன்னொருவர் தன் நாயோடு வந்து உங்களிடம் நலம் விசாரித்துப் போகும்போது இலேசாகப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கதிரை விழுந்தாலும் யாராவது ஓடினாலும் திடுக்கிடலாம், பதறி ஓடவோ குரைத்துப் பாயவோ கூடாது. கடைசியாக, வாரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் 3 நிமிடம் கண்ணுக்கு மறைய வேண்டும்.

பத்தில் ஒன்று தவறினாலும் முழுவதும் தவறியதுதான். உறுமினாலோ கவ்வப் பாய்ந்தாலோ அந்த இடத்திலேயே பரீட்சை முடிந்தது. பரீட்சை நேரத்தில் தீனி காட்டக்கூடாது. பயிற்சியில் தாராளமாகக் கொடுக்கலாம். “தீனி கொடுத்துப் பழக்கினால் அது சான்றிதழுக்குச் செல்லாதாம்” என்று நீங்கள் கேள்விப்பட்டது இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியதால் வந்தது. பரீட்சைக்கு முன் உரிமையாளரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திடுகிறார்: நாயின் ஆரோக்கியத்துக்கும் பாதுகாப்புக்கும் நான் பொறுப்பு, அது பிறருக்குத் தொல்லையாக இருக்க விடமாட்டேன் என்று. பாதிப் பரீட்சை உங்களுக்குத்தான் டீச்சர்.

ஆகவே “சான்றிதழ் எடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது” என்பது தவறு. அந்தத் தாள் சொல்வது, ஒரு குறிப்பிட்ட நாளில் இந்த நாயும் இந்த ஆளும் சேர்ந்து ஒழுங்காக நடந்துகொண்டார்கள் என்பதை மட்டுமே. இலங்கைச் சட்டத்தில் அதற்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. இங்கே செல்லுபடியாவது வேறு: 1893 ஆம் ஆண்டு விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டமும் 1901 ஆம் ஆண்டு நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டமும் இன்றும் இருக்கின்றன. தடுப்பூசி அட்டையைக் காட்டிப் பிரதேச சபையில் பதிவு செய்து பற்றுச்சீட்டு வாங்கி வைத்தால், கேள்வி வரும்போது அதுதான் உதவும். நாய் யாரையாவது கடித்தால் பொறுப்பு உங்களுடையது. சுவரில் சான்றிதழ் தொங்கினாலும் அது மாறாது. தோட்டக் குடியிருப்பில் நாய் வைத்திருக்க உங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பது நிர்வாகத்தோடுள்ள ஏற்பாட்டைப் பொறுத்தது. எழுத்தில் கட்டளை வந்தால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அப்படியானால் அந்தப் பரீட்சையால் என்ன பயன்? பாடத்திட்டமாக அது அருமையானது. உங்கள் லயத்தில் டைகரோடு வருகிற ஒவ்வொரு சண்டைக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

டைகர் ஏன் அப்படி இருக்கிறது

காவலுக்கு நல்லதென்று பகலில் கட்டி இரவில் அவிழ்ப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதில் என்ன நடக்கிறதென்று டைகரின் பக்கத்திலிருந்து பாருங்கள். காலையில் ஒரு கூட்டம் வருகிறது. எல்லார் இடுப்பிலும் படங்கு (கொழுந்து பறிக்கும்போது சுற்றிக்கட்டும் முரட்டுத் துணி), முதுகில் கூடை, மழையென்றால் தலையில் பொலித்தீன். மனித உருவமே மாறிப்போய், தேயிலை மணத்தோடு பத்தடி தூரத்தில் கடக்கிறார்கள். டைகரால் விலகிப் போக முடியாது, சங்கிலி ஆறடிதான். குரைக்கிறது. அவர்கள் போய்விடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள், ஆனால் டைகருக்கு அது தெரியாது. நான் குரைத்தேன், அவர்கள் போனார்கள். இந்தப் பாடம் நாளுக்கு இரண்டு தடவை, இரண்டு வருடமாக நடக்கிறது. நீங்கள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவ்வளவு ஒழுங்காக மீட்டல் நடத்தியிருக்க மாட்டீர்கள்.

பையன் ஓடியதும் அது துரத்தியதற்கும் இதுதான் அடித்தளம். இது வஞ்சகமல்ல. பெரும்பகுதி பயம், மிச்சம் பழக்கம். பயத்தை அடித்துத் திருத்த முடியாது. அடித்தால் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. உறுமாமல் கடிக்கிற நாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. உறுமல் உங்களுக்கு வருகிற எச்சரிக்கை மணி, அதைக் கழற்றி எறியாதீர்கள்.

இரவில் அவிழ்த்து விடுவதை இன்றோடு நிறுத்துங்கள். காட்டுத் துண்டுகளை ஒட்டிய தோட்டங்களில் சிறுத்தை நாயைத் தூக்குவது புதிதல்ல. பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பியில் நாய் மாட்டுவதும் உண்டு. இரவு முழுக்க மலையில் சுற்றிவிட்டுக் காலையில் கட்டுப்படுகிற நாய்க்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. இரவில் இஸ்தோப்பிலோ (முன் விறாந்தையிலோ) குசினி மூலையிலோ உள்ளே படுக்கட்டும். அந்நியர் வந்தால் அங்கிருந்தும் குரைக்கும்.

முதல் பத்து நாள்: பயிற்சி அல்ல, தச்சு வேலை

கொய்யா மரத்துக்குப் பதிலாக ஓர் அடைப்பு வேண்டும். இரண்டு மீற்றருக்கு மூன்று மீற்றர் போதும். உயரம் ஆறடிக்குக் குறையக்கூடாது, ஷெப்பர்ட் இரத்தம் தாவும். பாதையைப் பார்த்த பக்கத்தில் மட்டும் கம்பி வலைக்கு மேல் பழைய தகரம் அடித்து, நிலத்திலிருந்து ஐந்தடிவரை மறையுங்கள். மற்றப் பக்கங்கள் திறந்திருக்கலாம். கண்ணில் ஆள் படாவிட்டால் குரைப்பு உடனே நிற்காது, ஆனால் பாதியாவது விழும். சத்தம் மட்டும் கேட்கும்போது ஒரு கைப்பிடி தீனியைத் தரையில் தூவுங்கள், மூக்கு வேலை செய்யும்போது வாய் ஓயும். படுக்க, தரையிலிருந்து நாலைந்து அங்குலம் உயர்த்திய பலகை வைத்து அதன் மேல் சாக்கு விரியுங்கள். நம் மழையில் ஈரச் சீமெந்தில் படுக்கிற நாய்க்கு மூட்டும் தோலும் கெட்டு, தொட்டாலே சினக்கும். பரீட்சையின் தடவும் பாடத்தில் தவறுகிற நாய்களில் சிலவற்றுக்குக் குணத்தில் கோளாறில்லை, காதில் புண்ணோ மூட்டில் நோவோ இருக்கும். ஊசிக்குப் போகும்போது காது, பல், இடுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். பக்கிள் வைத்த தட்டைக் கழுத்துப் பட்டி, இரண்டு விரல் நுழையும் அளவு தளர்வாக. ஆறடி வார் ஒன்று. 20 அடி நைலோன் கயிறு ஒன்று. காற்று நன்றாகப் போய்வரும் கூடை வடிவ வாய்க்கட்டு ஒன்று. துணி வாய்க்கட்டு வேண்டாம், நாய் வாயைத் திறந்து இளைக்க முடியாமல் சூடேறிவிடும். வாய்க்கட்டை எடுத்தவுடன் மாட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் அதற்குள் தீனி வைத்து நாயே மூக்கை விடட்டும். பிறகு ஒரு விநாடி, மூன்று விநாடி, பத்து விநாடி என்று பிடியுங்கள். வாய்க்கட்டின் வாரை மாட்டுவது ஒரு வாரத்துக்குப் பிறகுதான். தம்பி அனுப்பிய இறுக்குச் சங்கிலி மூச்சுக்குழாயையும் கழுத்தையும் நோகடிக்கும். ஆளைக் கண்டு டைகர் இழுக்க, கழுத்து இறுக, ‘ஆள் வந்தால் எனக்கு நோகும்’ என்றுதான் அது படிக்கும். கோழிக்கூட்டுக் கதவைக் கட்ட நல்ல சங்கிலி அது, தம்பியிடம் சொல்ல வேண்டியதில்லை.

தீனிக்கு அவித்த கோழி இறைச்சியோ ஈரலோ, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல். கடலைப் பருப்பு அளவு துண்டு. நாளுக்கு அறுபது, எழுபது துண்டு போகும், அந்த அளவை இரவுச் சோற்றில் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரல் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். கருவாடு நாய்க்கு உயிர்தான், ஆனால் உப்பு. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் வெந்நீரில் இரண்டு தடவை அலசிக் கொடுங்கள்.

பாடங்கள்

நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பள்ளிக்கூடம் போகுமுன், வந்த பின், இரவுச் சாப்பாட்டுக்கு முன். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிநேரம் பிழிந்தெடுப்பதில் பயனில்லை. முதலில் வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லுக்கு வாருங்கள். நீங்கள் ‘இரு’ என்கிறீர்கள், மகன் ‘சிட்’ என்கிறான், அப்பா ‘டேய் உக்காரு’ என்கிறார். மூன்று பேருக்கும் பொதுவாக ஐந்து சொல்லைத் தாளில் எழுதிக் குசினிக் கதவில் ஒட்டுங்கள்: இரு, படு, நில், வா, விடு. ‘டைகர்’ என்ற பெயர் இதுவரை திட்டுவதற்கே பயன்பட்டிருக்கிறது. இனிப் பெயர் சொன்னால் தீனி, ஒரு வாரத்துக்கு வேறெதுவும் வேண்டாம்.

வாரில் நடக்கப் பழக்கத் தோட்டத்து இறக்கப் பாதை சரிவராது, இறக்கத்தில் எந்த நாயும் இழுக்கும். ஆள் கலைந்த பின் பெரட்டுக்களத்துச் சமதரைக்குப் போங்கள். டைகர் உங்கள் இடது காலுக்கு அருகே இருக்கும் ஒவ்வொரு மூன்றாவது அடிக்கும் ஒரு துண்டு. வார் இறுகியதும் மரம்போல் நில்லுங்கள், பின்னுக்கு இழுக்காதீர்கள். அது திரும்பிப் பார்த்து வார் தளர்ந்ததும் நடை தொடரட்டும். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் இருபது அடிகூடப் போயிருக்க மாட்டீர்கள், அது சரிதான். பத்து நாளில் இழுப்பு குறையாவிட்டால், பெரும்பாலும் வீட்டில் வேறு யாரோ அதை இழுக்க விட்டு நடத்துகிறார்கள்.

ஓரிடத்தில் இருக்கப் பழக்கும்போது நேரம், தூரம், குழப்பம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். அநேகம் பேர் தவறுவது இங்கேதான். பக்கத்தில் நின்று 30 விநாடி வந்த பிறகு ஓரடி விலகினால், நேரத்தை மறுபடி 3 விநாடிக்குக் குறைக்க வேண்டும். 20 அடி வந்த பிறகுதான் யாரையாவது பக்கத்தில் நடக்கச் சொல்ல வேண்டும். திரும்பி வந்து தீனி கொடுங்கள், தூரத்திலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தால் எழுந்து வரத்தான் பழகும். ஈர நிலத்தில் டைகர் படுக்க மறுத்தால் அது பிடிவாதமல்ல, குளிர். சாக்கை விரித்துப் பழக்கி, வாரத்துக்கு ஒரு மடிப்பாகச் சிறிதாக்கி, கடைசியில் எடுத்துவிடுங்கள்.

கூப்பிட்டால் வருவதற்கு ஒரே விதி: ‘வா’ என்று கூப்பிட்டு அடைக்கவோ திட்டவோ குளிப்பாட்டவோ கூடாது. அவற்றுக்கு நீங்களே நடந்து போய்ப் பிடியுங்கள்.

தொட்டுப் பார்க்கும் பாடத்துக்கு மலைநாடு தானே வாத்தியார். மலைக்குப் போய்வந்த நாய்க்கு அட்டையும் உண்ணியும் நிச்சயம். தினமும் பின்னேரம் காது, விரலிடுக்கு, கக்கம் என்ற வரிசையில் பாருங்கள். ஒவ்வொரு இடத்தையும் தொட்டதும் ஒரு துண்டு. முதல் வாரம் காலைத் தூக்காதீர்கள், தொட்டு விட்டுவிடுங்கள். உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து இடுக்கியால் நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசும் வழக்கத்தை விடுங்கள், தோல் வெந்துபோகும், நக்கினால் நஞ்சு. மூக்குக்குள் அட்டை போயிருந்தால் ஒரு கிண்ணம் தண்ணீரை முன்னால் வைத்தால் சிலவேளை தலையை நீட்டும். வராவிட்டால் கிளறாமல் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இரண்டு மாதம் இப்படிப் பார்த்தீர்களானால், பரீட்சகர் சீப்போடு வரும்போது டைகர் அவரிடமும் கால் நீட்டும்.

மிகக் கடினமானது ஆட்கள் விடயம், அதற்கு அவசரப்படாதீர்கள். வேலையிலிருந்து திரும்புகிறவர்களை டைகர் பார்க்கும், ஆனால் தீனியை இன்னும் மெதுவாக வாங்கும் தூரம் எது? அதுதான் உங்கள் தொடக்கக் கோடு. முப்பது மீற்றராகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம். தீனியை மறுத்தாலோ, விரலோடு சேர்த்துப் பறித்தாலோ, வாய் இறுக மூடி வால் விறைத்தாலோ நீங்கள் கிட்ட நிற்கிறீர்கள் என்று அர்த்தம். ஆள் கண்ணில் பட்டதும் தீனி, மறைந்ததும் தீனி நிற்கட்டும். அப்படித்தான் ‘கூடை வந்தால் நல்லது வரும்’ என்று அந்தத் தலைக்குள் மாறும். வீட்டிலும் அம்மாவின் பழைய படங்கையும் கூடையையும் நீங்களே கட்டிக்கொண்டு டைகருக்குச் சோறு வையுங்கள். உங்களைக் கண்டே குரைத்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது ஆளை அல்ல உருவத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

லயப் படிக்கட்டு ஒடுக்கமானது. எதிரே ஆள் வந்தால் வரும்வரை காத்திராமல் முன்கூட்டியே ஒதுங்கி, டைகரை உங்களுக்கு மறுபக்கம், சுவரோரம் இருத்துங்கள். நடுவில் நீங்கள் இருக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் பொதுப் பாதையில் வாய்க்கட்டு இல்லாமல் போகாதீர்கள்.

சத்தத்துக்குத் தகர மூடியைத் தூரத்தில், கீழே துணி விரித்துப் போடுவதிலிருந்து தொடங்கலாம். திருவிழாத் தப்பு மேளமும் தீபாவளி வெடியும் பயிற்சிக்குரியவை அல்ல. அன்று உள்ளே அடைத்து வானொலியைப் போட்டுவிடுங்கள். 3 நிமிடப் பிரிவுக்கு, அடுத்த வீட்டு அக்கா வாரைப் பிடிக்க நீங்கள் 5 விநாடி கதவுக்குப் பின்னால் போய் வாருங்கள். தனியே இருப்பது டைகருக்குப் பழக்கம், பிறர் கையில் இருப்பதுதான் புதிது.

45 நாள் விடலாமா, கருத்தடை செய்யலாமா

விட வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்றுநர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நாய் ஓரிடத்தில் ஒருவரிடம் படித்ததை இன்னோரிடத்துக்குத் தானாகக் கொண்டுவராது. அங்கே ‘இரு’ என்றால் இருந்த டைகர், கொய்யா மரத்தடிக்கு வந்ததும் பழைய டைகர்தான். பரீட்சையில் வாரைப் பிடிக்கப் போவதும் நீங்கள்தான், அவரல்ல. அவர் தரும் ‘சான்றிதழ்’ எந்த அமைப்பினுடையது, பரீட்சகர் யார், எத்தனை பகுதிகள் என்று எழுத்தில் கேளுங்கள். கனடிய, அமெரிக்கச் சான்றிதழ்களுக்கு அந்தந்த அமைப்பு ஏற்றுக்கொண்ட பரீட்சகர் நடத்திக் கையெழுத்திட வேண்டும். பயிற்றுநர் தானே அச்சடித்துத் தருவது அவர் வாய்ச்சொல்லுக்குச் சமம். நாய் தவறு செய்தால் என்ன செய்வார், நீங்கள் நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். பார்க்க விடாத இடத்தில் நாயை விடாதீர்கள். அதே பணத்தில் ஒரு பங்குக்கு, வாரம் ஒரு மணிநேரம் வந்து உங்களுக்குச் சொல்லித்தர முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

கருத்தடை செய்யுங்கள். ஊர் சுற்றுவதும், பெட்டை நாய்க்குப் பின்னால் ஓடுவதும், ஆண் நாய்களோடு சண்டையும் குறைய நல்ல வாய்ப்புண்டு. மந்தமாகாது. தீனியைக் குறைக்காவிட்டால் கொழுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஆளைக் கண்ட பயத்துக்கு அது மருந்தல்ல. கத்தி வைத்தால் குரைப்பு நிற்குமென்று எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். முதலில் அடைப்பும் பயிற்சியும் தொடங்கி, டைகர் கொஞ்சம் அமைதியான பின் செய்வது நல்லது.

அலுவலகத்துக்கு என்ன சொல்வது

ஒரு மாதத் தவணையில் சான்றிதழ் எடுக்க முடியாது. அடித்தளமே பன்னிரண்டு வாரம் பிடிக்கும், ஆட்கள் பாடம் அதற்கும் மேலே போகலாம். ஆகவே தவணை முடியுமுன் நீங்களே ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். தடுப்பூசி அட்டையின் பிரதி, பதிவுப் பற்றுச்சீட்டு, அடைப்பின் படம் இணைத்து, இரவில் அவிழ்ப்பதில்லை, பாதையில் வாய்க்கட்டும் வாரும் உண்டு என்று எழுதி, மூன்று மாதம் அவகாசம் கேளுங்கள். பையனின் காற்சட்டைக்கு ஈடு கொடுத்துவிட்டு அதையும் குறிப்பிடுங்கள். பன்னிரண்டாவது வாரம் ஒத்திகைப் பரீட்சை ஒன்று வையுங்கள். பத்துப் பகுதியையும் தாளில் எழுதி, உங்களோடு படிப்பிக்கும் ஒருவரைப் பரீட்சகராக்கி, முறைப்பாடு கொடுத்தவர்களில் யாராவது சம்மதித்தால் அவரையும் தூரத்தில் நின்று பார்க்கக் கூப்பிட்டுப் போனில் படம் எடுங்கள். எட்டும் தூரத்தில் பரீட்சகர் இருக்கிறாரா என்று அந்த அமைப்புகளுக்கு எழுதிக் கேட்பது அதற்குப் பிறகு.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் டைகர் பிள்ளைகளைக் கண்டால் பாய்கிறதென்றால், லயம் அதற்கு ஏற்ற இடமல்ல. அப்போது வேலி போட்ட தனி வளவும் சிறு பிள்ளைகள் இல்லாத வீடும் உள்ள ஒருவரிடம், நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொல்லிக் கொடுப்பது சரியான முடிவுதான். லொறியில் ஏற்றி வேறு டவுனில் இறக்கிவிடுவது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் டைகருக்கும் செய்கிற துரோகம்.

சங்கிலியை இன்றே கழற்றச் சொல்லவில்லை. தகரம் அடித்து முடியும்வரை இருக்கட்டும், கொளுக்கியை மட்டும் திருகு வைத்ததாக மாற்றுங்கள். மகனிடம் வாரைக் கொடுக்க வேண்டாம், 24 கிலோ இழுத்தால் அவன் விழுவான். அவனுக்குக் கொப்பி வேலையைக் கொடுங்கள்: திகதி, ஆட்கள் எத்தனை மீற்றர் தூரத்தில், ஐந்து தடவையில் எத்தனை தடவை டைகர் குரைக்காமல் தீனி வாங்கியது. ஐந்துக்கு ஐந்து வந்த நாளுக்கு மறுநாள் இரண்டு மீற்றர் கிட்டப் போகலாம். மூன்றோ நாலோ வந்தால் அதே இடம். அதற்கும் குறைந்தால் ஐந்து மீற்றர் பின்னுக்கு.